கல்லின் முகம் கடைசியில்தான் தெரியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செய்கிற வேலையில் மனநிறைவு தேடுவது பற்றி நாளிதழ்களில் அடிக்கடி கட்டுரைகள் வருகின்றன. எல்லாவற்றிலும் ஒரு வரி தவறாமல் இருக்கிறது: ‘பிடித்த கைவேலை ஒன்றைப் பழகுங்கள்.’ எந்த வேலை, எதில் தொடங்குவது, முதல் நாள் எது கெடும், ஏன் கெடும் என்பது மட்டும் இருப்பதில்லை.

காரைக்குடி வட்டாரத்தில் ஆத்தங்குடிக் கல் (கண்ணாடிமேல் வார்த்துத் தரையில் பதிக்கிற பூப்போட்ட சிமென்ட் கல்) போடுகிற பட்டறைகளுக்கும், பனை ஓலைக் கூடையான கொட்டான் முடைகிற வீடுகளுக்கும் ‘ஒரு நாள் பழகிப் பார்க்கலாமா’ என்று ஆட்கள் வருகிறார்கள். பணி ஓய்வு பெற்றவர்கள், கணினி வேலையிலிருந்து விடுப்பு எடுத்து வருகிறவர்கள், கல்லூரி முடித்த பிள்ளைகள் எனப் பல வகை. பட்டறையில் அச்சை எடுத்துக் கொடுப்பார்கள். வந்தவர் சாயம் ஊற்றுவார். கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு பேருந்து ஏறிவிடுவார். அந்த வேலையின் நடுத்துண்டு மட்டும் அவருக்குக் கிடைத்திருக்கிறது. முன்னால் கலவை போட்டவர் வேறு ஆள். பின்னால் தொட்டியிலிருந்து எடுத்துக் கண்ணாடியைக் கழற்றப்போகிறவரும் வேறு ஆள். நடுத்துண்டில் மகிழ்ச்சி குறைவு. ஒரு பொருளைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே கை கொண்டுபோகும்போதுதான் அது வரும் என்பதைச் சொல்லவே இந்தக் கடிதம். வீட்டிலேயே முழுதாகச் செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்காக அளவுகளோடு எழுதுகிறோம்.

ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. இயந்திரத்தில் அழுத்துவதும் இல்லை. கண்ணாடிமேல் சட்டம் வைத்து, சட்டத்துக்குள் பூ அச்சை இறக்கி, அறை அறையாகச் சாயக் கலவையை ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, மேலே உலர் கலவை தூவி, அதன்மேல் சாந்து போட்டு மட்டம் செய்வார்கள். நாம் நடக்கப்போகிற பக்கம் கீழே கண்ணாடியோடு ஒட்டிக் கிடக்கும். வேலை செய்கிறவர் பார்த்துக்கொண்டிருப்பது முதுகைத்தான். கண்ணாடி எவ்வளவு வழுவழுப்போ கல்லின் முகமும் அவ்வளவு வழுவழுப்பு. செட்டிநாட்டு வளவு வீடுகளில் தலைமுறை தாண்டியும் மினுங்குகிற தரை இப்படிக் கவிழ்த்துப் போட்டு வந்ததே.

கவிழ்த்துப் போடுவதால் இடம் வலமாகும். பூவுக்கும் கட்டத்துக்கும் அதனால் கேடில்லை. வீட்டுப் பெயரையோ ஆண்டையோ கல்லில் போட ஆசைப்படுகிறவர்கள் அச்சில் எழுத்தைத் திருப்பி வெட்ட வேண்டும். இதை மறந்து நேராக வெட்டினால், வாசற்படியில் கண்ணாடி பிடித்து வாசிக்க வேண்டிய பெயர்தான் மிஞ்சும்.

வீட்டில் பழக ஆறு அங்குலக் கல் போதும். எட்டு, பத்து, பன்னிரண்டு அங்குலத்துக்குப் பிறகு போகலாம். எட்டு அங்குலச் சதுரக் கண்ணாடி ஒன்று, ஐந்து மில்லிமீட்டர் கனத்தில், ஓரம் தீட்டியதாக வாங்குங்கள். தீட்டாத ஓரம் ஈரக் கையை அறுத்துவிடும். உள்ளளவு ஆறு அங்குலமும் உயரம் முக்கால் அங்குலமும் உள்ள மரச்சட்டம் ஒன்று தச்சரிடம் சொல்லிச் செய்யலாம். பட்டறையில் பூ அச்சு உலோகத் தகட்டில் இருக்கும். பழகுவதற்கு டின் தகட்டை ஓர் அங்குல அகலப் பட்டையாக வெட்டி, சட்டத்துக்குள் மூலைக்கு மூலை நிற்கிற மாதிரி மடக்கினால் இரண்டு அறை கிடைக்கும். முதல் கல்லுக்கு இரண்டு நிறத்துக்கு மேல் வேண்டாம்.

சாயக் கலவைக்கு, ஒரு நிறத்துக்கு: வெள்ளைச் சிமென்ட் 50 கிராம், மாவாக அரைத்த சலவைக்கல் பொடி 50 கிராம், ஆக்சைடு பொடி (சிமென்டில் கலக்கிற நிறப்பொடி) இரண்டரை கிராம், தண்ணீர் ஏறத்தாழ 40 மில்லி. இரண்டு நிறமும் சேர்ந்தால் மூன்று மில்லிமீட்டர் கனத்தில் இரண்டு கல்லுக்குக் காணும். ஆக்சைடு சிமென்ட் எடையில் நூற்றுக்கு ஐந்து. அதற்கு மேல் போகப் போக நிறம் பெரிதாக ஏறாது. பத்தைத் தாண்டினால் கல்லின் பலம் குறையும். நிறம் போதவில்லை என்று கரண்டி கரண்டியாக அள்ளிப் போடுவதுதான் புதிதாக வருகிறவர்கள் செய்யும் முதல் தவறு. ஈரத்தில் கறுத்துத் தெரிகிற சிவப்பு, காய்ந்ததும் வெளுக்கும். நிறத்தைச் சோதிக்க ஒரு சொட்டை ஓட்டின்மேல் விட்டு மறுநாள் பாருங்கள். துணிச்சாயம், கோலப்பொடி எல்லாம் வேண்டாம். சிமென்டின் காரத்தில் பல சாயங்கள் வெளுத்துப்போகும்.

பொடிகளை உலர்வாகவே சேர்த்து இரண்டு தடவை சலியுங்கள். ஆக்சைடு கட்டி ஒன்று தப்பினாலும் கல்லின் முகத்தில் கோடாக இழுக்கும். அதன்பின் தண்ணீரைச் சிறிது சிறிதாக விடவும். பதம் தோசை மாவுக்கும் ஆப்ப மாவுக்கும் இடையில்: கரண்டியிலிருந்து நூலாக இறங்க வேண்டும், விழுந்த இடம் ஒரு நொடியில் தன்னால் சமமாக வேண்டும். சமமாகாமல் மேடு நின்றால் இறுக்கம் அதிகம், முகத்தில் ஊசித்துளை விழும். விழுந்ததும் ஓடினால் தண்ணீர் அதிகம், அச்சைத் தூக்கியவுடன் ஒரு நிறம் மற்றதற்குள் கசியும்.

கண்ணாடியை மென்துணியால் துடைத்த பிறகு விரலால் தொடாதீர்கள். பெருவிரல் ரேகை அப்படியே கல்லில் பதிந்து வரும். கலவையைத் தாழ்வாகப் பிடித்து ஊற்றி, கண்ணாடிக்கு அடியில் வைத்த பலகையை இரண்டு மூன்று தடவை தட்டினால் காற்றுக் குமிழி மேலே வந்துவிடும். அச்சைத் தூக்குவது இந்த வேலையில் மூச்சைப் பிடிக்கிற இடம். நேர் மேலே, ஒரே சீராக, நிற்காமல் எடுக்க வேண்டும். ஒரு மூலை முன்னால் எழுந்தால் கோடு அந்தப் பக்கம் வளையும். திருத்தப் போகாதீர்கள். விரலால் திருத்திய இடம் எப்போதும் தெரியும்.

அடுத்தது உலர் கலவை. ஒரு கல்லின் முதுகுக்குச் சிமென்ட் 175 கிராம், சலித்த மணல் 525 கிராம், ஒன்றுக்கு மூன்று. இதில் ஒரு கைப்பிடியைத் தண்ணீர் சேர்க்காமல் தனியே எடுத்துவைத்து, சாயத்தின்மேல் சல்லடையால் மெல்லியதாகத் தூவுங்கள். சாயத்தில் மிஞ்சிய ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். கல்லின் ஆயுளே இந்தத் தூவலில்தான் என்று சொல்லலாம். குறைந்தால், மேலே போடுகிற சாந்தின் பாரத்தில் இளகிய சாயம் நகர்ந்து பூ கோணும். கூடினால், சாயத் தோலுக்கும் சாந்துக்கும் நடுவே நனையாத பொடி தங்கிவிடும். ஆறு மாதம் கழித்து முகம் தோல் தோலாக உரியும். சரியான அளவுக்கு அடையாளம் ஒன்று உண்டு: தூவிய பொடி முழுதும் ஒரு நிமிடத்துக்குள் நிறம் மாறி ஈரமாக வேண்டும், ஆனால் பளபளக்கக் கூடாது.

மீதிக் கலவையில் தண்ணீர் தெளித்து, கையில் பிடித்தால் உருண்டை நிற்கிற பதத்தில் சாந்தாக்கி, சட்டம் நிறையப் போட்டு அமுக்கிக் கரண்டியால் மட்டம் செய்யவும். முதுகு சொரசொரப்பாகவே இருக்கட்டும், தரையில் பதிக்கும்போது பிடிமானம் வேண்டும். மணலில் மண் கலந்திருந்தால் கல் வெடிக்கும். ஒரு கண்ணாடிப் புட்டியில் பாதி மணலும் மீதித் தண்ணீருமாக விட்டுக் குலுக்கி, சில மணி நேரம் அசையாமல் வையுங்கள். மணலுக்கு மேலே வண்டல் தடிமனாகப் படிந்தால் கழுவாமல் பயன்படுத்த வேண்டாம். உப்புத் தண்ணீரும் ஆகாது.

சட்டத்தைக் கழற்றிவிட்டு, கல்லைக் கண்ணாடியோடு ஒரு நாள் நிழலில் அசைக்காமல் வைத்து, மறுநாள் கண்ணாடியோடேயே தொட்டித் தண்ணீரில் இறக்குங்கள். சிமென்ட் காய்ந்து இறுகுவதாகப் பலர் நினைக்கிறார்கள். அது தண்ணீரோடு சேர்ந்துதான் இறுகும். ஈரம் முன்னதாகப் போய்விட்டால் இறுகுவது பாதியில் நின்று, தேய்த்தால் மாவாக உதிரும். சித்திரை வெயிலில் முதல் நாளே ஈரச்சாக்கு போட்டு மூடாவிட்டால் ஓரங்கள் இப்படித்தான் போகும். ஏழு நாள் தண்ணீரில் கிடக்கட்டும். எடுத்து நிழலில் ஆறவிட்டு வெயில் காட்டினால் கண்ணாடி தானாக விடுபடும். விடாவிட்டால் நெம்பாதீர்கள், இன்னும் ஒரு நாள் பொறுங்கள். நெம்பினால் முகத்தில் மங்கல் திட்டு விழும்; அதைத் தேய்த்துப் போக்குவது கடினம். முகத்தில் வெள்ளை பூத்தால் பயப்பட வேண்டாம். சிமென்டிலிருந்து வெளிவரும் சுண்ணாம்பு காற்றோடு சேர்ந்து படிவது அது. ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து, தேங்காயெண்ணெய் லேசாகத் தடவி வந்தால் நாளாவட்டத்தில் அடங்கும். கழிவறை ஆசிட் ஊற்றுவது கல்லைக் கொல்வது. புளி, எலுமிச்சை சிந்தினாலும் உடனே துடைக்க வேண்டும். (சமையலறையில் இந்தக் கல்லைப் பதித்துவிட்டுக் கறை பிடித்தது என்று சண்டைக்கு வருகிறவர்கள் கவனிக்க.)

வெறுங்கையால் சிமென்ட் கலவையைப் பிசையாதீர்கள். காரத்தில் விரல் நுனி வெந்துவிடும். உலர் பொடியைச் சலிக்கும்போது மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள்.

இவ்வளவையும் செய்த பிறகுதான், எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, கல்லின் முகத்தை முதன்முதலாகப் பார்க்கிறோம். இந்தக் காத்திருப்பு எல்லாருக்கும் ஒத்துவராது. மிகாய் சிக்சென்ட்மிஹாயி (1934-2021) என்ற உளவியலாளர், மனிதர்கள் நேரம் போவதே தெரியாமல் எப்போது வேலையில் ஆழ்ந்துபோகிறார்கள் என்பதை நெடுங்காலம் ஆராய்ந்தவர். என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாக இருக்க வேண்டும். செய்தது சரியா தவறா என்பது உடனே தெரிய வேண்டும். வேலையின் கடினமும் செய்கிறவரின் திறமையும் ஏறக்குறைய ஒத்திருக்க வேண்டும் என்பவை அவர் முக்கியமாகச் சொன்னவை. ஆத்தங்குடிக் கல்லில் இரண்டாவது இல்லை. பதில் வாரம் கழித்து வருகிறது. அதற்குள் கலவையில் தண்ணீர் எத்தனை விட்டோம் என்பதே மறந்துபோகும். அதனால் கல்லின் முதுகு ஈரமாக இருக்கும்போதே ஆணியால் தேதியைக் கீறி, அதே தேதியில் ஒரு நோட்டில் அளவு, வெயில், தூவல் எல்லாவற்றையும் எழுதிவையுங்கள். நோட்டு இல்லாமல் பத்துக் கல் போட்டவருக்கும் இரண்டு கல் போட்டவருக்கும் வித்தியாசம் இருக்காது.

உடனே பதில் வேண்டும் என்கிறவர்களுக்குக் கொட்டான். ஒரு பட்டை பிசகினால் அடுத்த பட்டையிலேயே கை சொல்லிவிடும். பிரித்து மறுபடி கோக்கலாம். செலவும் மிகக் குறைவு. குருத்தோலையை விரித்து வெயிலில் உலர்த்தி, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் பட்டையாகக் கிழிப்பதுதான் பாதி வேலை. முக்கால் அங்குலத்தில் பழகத் தொடங்குங்கள். அகலம் ஒன்றுக்கொன்று மாறினால் அடிப்பாகத்தில் தெரியாது, சுவர் எழுப்பும்போது கூடை ஒரு பக்கம் சாயும். இந்தச் சாய்வைக் கடைசியில் இழுத்து நிமிர்த்த முயல்கிறவர்கள் ஓலையைக் கிழித்துக்கொள்வார்கள். நெடுக்கே எட்டு, குறுக்கே எட்டுப் பட்டை. ஒன்று மேல் ஒன்று கீழாகக் கோத்து, நடுவிலிருந்து வெளியே நெருக்கிக்கொண்டு வர வேண்டும். அடி சதுரமானதும் நான்கு மூலையிலும் பட்டைகளைக் குறுக்காகத் திருப்பிச் சுவரை எழுப்பலாம்.

ஓலையை முடைவதற்கு முன் ஈரத்துணியில் சுற்றிவைத்தால் ஒடியாது. வாளித் தண்ணீரில் ஊறப்போட்டால் உப்பும். உப்பிய ஓலையில் எவ்வளவு இறுக்கி முடைந்தாலும் காய்ந்ததும் சுருங்கிச் சந்து விழும். முடைந்ததைக் காற்றாட உலர்த்தாமல் மழைக்காலத்தில் அடுக்கிவைத்தால் பூசணம் பூக்கும். சாயம் தோய்க்க வேண்டுமானால் கிழித்த பட்டையைக் கொதிக்கிற சாயத் தண்ணீரில் போட்டு எடுக்க வேண்டும். முதல் கொட்டானுக்குச் சாயமே வேண்டாம், வெள்ளோலையில்தான் தவறு தெளிவாகத் தெரியும். ஒன்று மட்டும்: ஒரே பனையில் இருக்கிற குருத்தையெல்லாம் வெட்டித் தரச் சொல்லாதீர்கள். பனைக்கு வளரும் நுனி ஒன்றுதான். அது கெட்டால் மரம் போய்விடும்.

கண்டாங்கியைப் பற்றிக் கேட்கிறவர்களும் உண்டு. காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு இந்தக் கேள்வி கூடியிருக்கிறது. வீட்டில் பொழுதுபோக்காகத் தொடங்கக் கூடியது அல்ல தறி. இடம், பாவு (தறியில் நெடுக்கே ஓடுகிற நூல்), துணை ஆள் எல்லாம் வேண்டும். அரக்கா கடுகு மஞ்சளா, கட்டம் எத்தனை இழை என்ற முடிவெல்லாம் பாவு ஓடும்போதே முடிந்துவிடும். அதன்பின் நெய்கிறவருக்குத் தேர்வு குறைவு, கவனம் அதிகம். நெசவில் மகிழ்ச்சி இல்லை என்று பொருளில்லை. அந்த முடிவுகளில் நெசவாளருக்கும் பங்கு இருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

இங்கேதான் பட்டறை நடத்துகிறவர்களிடம் ஒரு வார்த்தை. ஒருவர் நாள் முழுதும் சிவப்பு மட்டும் ஊற்ற, ஒருவர் சாந்து மட்டும் போட, ஒருவர் தொட்டி மட்டும் பார்க்க என்று பிரித்தால் எண்ணிக்கை கூடும்தான். ஆனால் கல் உரிந்தால் தூவியவர் சாந்தைச் சொல்வார், சாந்து போட்டவர் தொட்டியைச் சொல்வார். குறையின் காரணம் யாருக்கும் தெரியாமலே போகும். வாரத்தில் ஒரு நாளாவது ஒவ்வொருவரும் சில கற்களைக் கலவை முதல் கண்ணாடி கழற்றுவது வரை தாமே போடட்டும். அவரவர் கல்லை அவரவர் பார்த்தால் சேதம் குறையும். வேலை தெரிந்தவர்கள் பெயிண்டு வேலைக்கும் கேட்டரிங் வேலைக்கும் போய்விடுகிறார்கள் என்று புலம்புவதற்கு முன் இதைச் செய்து பார்க்கலாம்.

கூலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘கூலி கொஞ்சம் முன்னப் பின்ன இருந்தாலும் கலை வேலையில் ஒரு நிறைவு இருக்கிறதே’ என்று பேசுகிறவர்கள் அந்த நிறைவை மளிகைக் கடையில் நீட்டிப் பார்க்கட்டும். காரைக்குடியில் பழைய கதவுக்குக் கேட்ட விலை கொடுக்கிறவர், புதிதாகப் போடுகிற கல்லுக்குச் சதுர அடிக்கு இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்லி அரை மணி நேரம் நிற்பதைப் பார்க்கலாம். வீட்டில் செலவுக்குப் பணம் இருக்கிற மனம்தான் பூவின் கோட்டை ரசிக்கும். நாள் நெருக்கடியும் அப்படியே. சிமென்ட் தன் பலத்தை ஏறக்குறைய முழுதாக எட்ட 28 நாள் கணக்கு வைப்பார்கள். பத்து நாளில் கிரகப்பிரவேசம், கல் வேண்டும் என்று வந்து நிற்கிறவருக்குப் முழுதாக இறுகாத கல்லைக் கொடுத்தால், உடைந்ததற்கான பழி போட்டவர் தலையில். ஒன்றரை மாதம் முன்னால் சொல்லிவிடுங்கள்.

கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்குக் கைவேலை முகாம் நடத்தும் பள்ளிகளுக்கும் ஒன்று. 1973-இல் அமெரிக்காவில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர், படம் வரைவதில் தானாகவே ஆர்வம் உள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். வரைந்தால் பரிசுச் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொல்லி வரையவைத்த குழந்தைகள், பின்னர் சும்மா விட்டபோது வரைவதில் செலவிட்ட நேரம் மற்றக் குழந்தைகளின் நேரத்தில் ஏறக்குறைய பாதிதான். சொல்லாமல் திடீரென்று பரிசு பெற்ற குழந்தைகளுக்கு ஆர்வம் அப்படிக் குறையவில்லை. ஆகவே கொட்டான் முகாமில் முதல் பரிசு, இரண்டாம் பரிசு என்று பலகை வைக்க வேண்டாம். முடைந்த கூடையில் அன்று வீட்டுக்கு வெங்காயம் வாங்கிப் போகச் சொல்லுங்கள். கூடை எடை தாங்குகிறதா என்பது நடுவர் இல்லாமலே தெரிந்துவிடும்.

உங்கள் இதழில் கைவினைஞர்களைப் பற்றி எழுதும்போது, ‘அழிந்துவரும் கலை’ என்ற தலைப்பைக் கொஞ்ச காலம் ஓய்வெடுக்க விட்டு, ஒரு பொருளுக்குப் பிடிக்கிற நாள், கூலி, விலை, கெடுகிற விதம் ஆகியவற்றையும் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

வீட்டில் கல் போட்டுப் பார்க்கிறவர்களுக்குக் கடைசியாக: முதல் கல்லைக் காட்சிக்கு வைக்காதீர்கள். 28-ஆம் நாள் அதை இரண்டாக உடைத்து வெட்டுவாயைப் பாருங்கள். சாயத் தோல் மூன்று மில்லிமீட்டர் சீராக இருக்கிறதா, தோலுக்கும் சாந்துக்கும் நடுவில் வெளிறிய கோடு ஓடுகிறதா, சாந்தில் எங்கே காற்றுக் குழி நிற்கிறது என்பதை நோட்டில் அந்தத் தேதிக்கு நேரே எழுதிக்கொண்டு, இரண்டாவது கல்லுக்குக் கண்ணாடியைத் துடையுங்கள்.

இப்படிக்கு,
ஆத்தங்குடிக் கல், கொட்டான் வேலை தெரிந்தவர்கள் சிலர்,
காரைக்குடி வட்டாரம்.